மலைக்கு நேர்ந்துவிட்ட முடி

பள்ளிக்கூட வாசலில் பேரப்பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கிறோமே நாம் நாலைந்து பேர், உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். நேற்று நீங்கள் பேசியது என் காதில் விழுந்தது. "இந்தக் காலத்துப் பசங்க பள்ளிக்கூடம் போக அழும்பு பண்ணுதுங்க, நம்ம காலத்துல எல்லாம் அடிச்சா ஒழுங்காப் போனோம்" என்று ஒருத்தி ஆரம்பிக்க, மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினீர்கள். அடித்தால் ஒழுங்காகப் போனார்களாம்! யார் போனார்கள்? என் தம்பி போனானா?

இப்போது திருப்பதியில் என் மகள் வீட்டில் இருக்கிறேன். நான் பிறந்து வளர்ந்தது நகரியில். தறிச் சத்தம் இல்லாமல் தூக்கம் வராத தெரு. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்; அவருக்குப் பவர்லூம் கொட்டகையில் ஷிப்டு வேலை. அம்மா வீட்டில் ராட்டையில் தார் சுற்றுவாள். அதாவது, தறி நாடாவுக்குள் போடும் சின்னக் குச்சிகளில் நூல் ஏற்றும் வேலை. நான், எனக்கு அடுத்து தம்பி. நடுவில் பிறந்த இரண்டு தங்கவில்லை.

அதனால்தான் தம்பி பிறந்ததும் அம்மா வேண்டிக்கொண்டாள். இவன் தங்கினால் முதல் முடி ஏழுமலையானுக்கு. அதுவரை அவன் தலையில் கத்தரி படாது.

நல்ல வேண்டுதல்தான். யார் குறை சொன்னார்கள்? நகரியில் பஸ் ஏறினால் புத்தூர், அப்புறம் திருப்பதி, அப்புறம் மலை. வெள்ளனக் கிளம்பினால் ராத்திரிச் சோற்றுக்கு வீடு திரும்பிவிடலாம். பம்பாய்க்காரன் வருகிறான், வடக்கே எங்கிருந்தோ வருகிறான், ரயிலில் நாள்கணக்காக உட்கார்ந்து வந்து மொட்டை போட்டுக்கொண்டு போகிறான். மலைக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி இருந்த எங்களால் முடியவில்லை. கேட்டால் காரணம் வண்டி வண்டியாகச் சொல்வார்கள்.

மொட்டையை ஒற்றைப்படை வயதில்தான் போடவேண்டும். ஒரு வயதில் தம்பி நோஞ்சானாக இருந்தான், விட்டுவிட்டார்கள். மூன்று வயதில் பங்காளி வீட்டில் ஒரு சாவு. தீட்டு, ஒரு வருஷம் மலை ஏறக்கூடாது. தீட்டு கழிந்தபோது வயது நாலு. இரட்டைப்படை! ஐந்து வரட்டும் என்றார்கள். ஐந்து வந்தபோது மாமாவுக்கும் நைனாவுக்கும் சண்டை.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். புத்தூரில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார். புது வீடு கட்டிக் குடிபோனார். அந்த விசேஷத்துக்கு நேரில் வந்து அழைக்காமல், நகரிக்கு வந்த யாரோ ஒருவரிடம் பத்திரிகையைக் கொடுத்தனுப்பிவிட்டார். அவ்வளவுதான் விஷயம். நைனா பத்திரிகையைப் பிரிக்கவே இல்லை. "தங்கச்சி ஊட்டுக்காரன்னா அவ்ளோ எளக்காரமா?" என்றார். மாமா அங்கே, "மச்சான் வராம என்ன அவமானப்படுத்திட்டாரு" என்றாராம். தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் முதல் மொட்டை போடவேண்டும். மாமாவைத் தாம்பூலத் தட்டோடு போய் அழைக்கவேண்டியவர் நைனா. நைனா போகமாட்டார். தட்டு வராமல் மாமா வரமாட்டார். ஐந்து போய் ஆறும் போனது.

ஆக, தம்பி ஏழு வயதில், இரண்டாம் வகுப்பில், இடுப்பு வரை தொங்கும் முடியோடு நின்றான்.

என்ன முடி தெரியுமா! எனக்கே பொறாமையாக இருக்கும். அம்மா ஞாயிற்றுக்கிழமை வேப்பெண்ணெயும் நல்லெண்ணெயும் கலந்து தேய்த்து, சீயக்காய் போட்டு அலசி, சாம்பிராணிப் புகை காட்டுவாள். காலையில் இரட்டைப் பின்னல் பின்னி, மடித்து, சிவப்பு ரிப்பனில் கட்டி அனுப்புவாள். கீழே காக்கி டவுசர். மேலே ரிப்பன். அந்த ரிப்பனின் வழவழப்பு இன்னும் என் விரலில் இருக்கிறது. அதைத் தெருமுனை தாண்டியதும் அவிழ்த்து என் பைக்குள் திணிப்பான். நான் முடியைச் சுருட்டிக் கொண்டையாக்கி, மேலே ஒரு துண்டைக் கட்டிவிடுவேன்.

அந்த வருஷம்தான் நான் ஆறாம் வகுப்பு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஹைஸ்கூல். ஐந்தாம் வகுப்பில் நான் முதலாவதாக வந்தபோது நைனாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மஞ்சள் தகர ஜாமெட்ரிப் பெட்டி ஒன்று வாங்கிவந்தார். உள்ளே காம்பஸ், கோணமானி, ஒரு சின்ன பென்சில். திறந்தால் புது இரும்பு வாசனை அடிக்கும். "எம் பொண்ணு டீச்சராவும்" என்று கொட்டகையில் எல்லோரிடமும் சொன்னாராம். அதை நான் நம்பினேன். ராத்திரி அந்தப் பெட்டியைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்குவேன்.

தம்பியை அவன் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நான் ஆற்றைத் தாண்டவேண்டும். இதுதான் ஏற்பாடு. அவன் போகாவிட்டால்? அம்மா ராட்டையை விட்டு எழுந்திருக்க முடியாது. நைனா ஷிப்டில். அவனைத் தனியாக விட்டால் ரயில் பாதைப் பக்கம் ஓடிவிடுவான். "நீ இன்னிக்கு ஒரு நாளு ஊட்ல இருந்து அவன பாத்துக்கோடி" என்பாள் அம்மா. ஒரு நாள், ஒரு நாள் என்றே ஓடியது. அவன் போகாத நாள் எனக்கும் பள்ளிக்கூடம் இல்லை. இது யாருக்கும் கணக்கிலேயே வரவில்லை. எனக்கு மட்டும்தான் வந்தது.

பள்ளிக்கூடம் திறந்த புதிதில் அவன் ஓரளவு போய்க்கொண்டுதான் இருந்தான். கெடுத்தது ஒரு போட்டோ. "இந்த வருசம் எப்டியும் மொட்ட போட்டுருவோம், அதுக்குள்ள ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கலாம்" என்று அம்மா அவனை ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனாள். உங்கள் வீடுகளிலும் எடுத்திருப்பீர்கள். என்னுடைய பாவாடையை அவனுக்குக் கட்டி, பின்னல் முழுக்கக் கனகாம்பரமும் மல்லியும் வைத்துத் தைத்து, நெற்றிச்சுட்டி வைத்து, பின்னல் தெரியும்படி கண்ணாடி முன்னால் திருப்பி நிற்கவைத்து எடுப்பார்களே, அந்தப் படம். குழந்தையாக இருக்கும்போது எடுத்தால் அழகு. ஏழு வயதுப் பையனுக்கு எடுத்தால்? ஸ்டுடியோக்காரருக்குப் படம் ரொம்பப் பிடித்துவிட்டது. பெரிதாக்கி, கண்ணாடிப் பெட்டியில், கடைத்தெருவைப் பார்க்க மாட்டிவிட்டார். அம்மாவுக்கு ஒரே பெருமை. போகிற வருகிறவர்களிடம் எல்லாம் காட்டினாள்.

அந்தக் கடைத்தெரு வழியாகத்தான் பள்ளிக்கூடப் பையன்கள் எல்லோரும் போவார்கள்.

மறுநாளிலிருந்து அவனுக்குப் பெயர் சடையம்மா. "சடையம்மா வருது, வழிய உடுங்கடா" என்று பையன்கள் ஒதுங்கி நின்று கும்பிடுவார்கள். அதுகூடப் பரவாயில்லை. பள்ளிக்கூடத்துக் கைப்பம்ப்புக்குப் பின்னால் பையன்கள் ஒண்ணுக்குப் போகும் மறைப்பு ஒன்று இருந்தது. அதற்குள் அவனை விடமாட்டார்கள். "நீ அந்தாண்ட போ, பொட்டப்பிள்ளைங்க பக்கம்" என்று கையை நீட்டி மறித்துக்கொள்வார்கள். அந்தப் பக்கம் போனால் பெண்பிள்ளைகள் கத்துவார்கள். காலையிலிருந்து அடக்கிவைத்துக்கொண்டு, சாயங்காலம் டவுசர் நனைந்து வீட்டுக்கு வருவான்.

"அக்கா, நா போமாட்டேன். என்ன அடிச்சாலும் போமாட்டேன்" என்று தேம்பிக்கொண்டே எல்லாவற்றையும் என்னிடம் சொன்னான். என்னிடம் மட்டும்.

நான் சொல்லாமல் இருந்தேனா? அன்று ராத்திரியே நைனாவிடம் சொன்னேன். "நைனா, அவன் முடிக்குத்தான் அழுவறான். பசங்க கேலி பண்றாங்க. வெட்டிட்டா போவான்" என்றேன்.

நைனா சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை உதறிவிட்டு எழுந்தார். "சாமி முடிய வெட்றதா? வாயி கொழுப்பா?"

அம்மா ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள். "கன்னத்துல போட்டுக்கோடி! போட்டுக்கோ! அபசாரம், அபசாரம்!" போட்டுக்கொண்டேன். என்ன தப்புக்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஈர டவுசருக்கு அவர்கள் ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். பள்ளிக்கூடப் புளியமரத்தடியில் பையன் எதையோ பார்த்துப் பயந்துவிட்டானாம். மந்திரிக்கிறவரிடம் கூட்டிப்போய், வேப்பிலை அடித்து, இடுப்பில் தாயத்து கட்டினார்கள். இப்போது சடையம்மாவுக்குத் தாயத்தும் சேர்ந்தது. சரியாகப் போச்சு.

எங்கள் பக்கம் வாத்தியாரை அய்யவாரு என்பார்கள். தம்பி பள்ளிக்கூடத்துத் தலைமை அய்யவாரு தெலுங்குக்காரர், நல்ல மனுஷன்தான். வராத பிள்ளைகளைப் பிடித்துவர அவருக்கு ஒரே வழிதான் தெரியும். ஐந்தாம் வகுப்பிலிருந்து நாலு தடிப் பையன்களை அனுப்புவார். கைக்கு ஒருத்தன், காலுக்கு ஒருத்தன். தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். தம்பி தெரு முழுக்க அலறிக்கொண்டு போவான். தறிக் கொட்டகையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். தூக்கிப் போகிறவர்கள் யார் என்கிறீர்கள்? பம்ப்பிடம் வழி மறிக்கிற அதே பையன்கள்! இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

அய்யவாரிடமும் போய்ச் சொன்னேன். அவர் வீட்டு வாசலில் நின்று, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அதி மீ இன்டி விஷயம்மா, அது உங்க வீட்டு விஷயம்" என்றார். "வேண்டுதல் விஷயத்துல நா எப்படிம்மா தலையிடறது? உங்க நைனாகிட்ட சொல்லு."

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சரும் இருந்தார், சித்தூரிலிருந்து புதிதாக வந்தவர். அவர் மட்டும்தான் அடிக்காமல் ஏதாவது செய்யலாமா என்று யோசித்தார். "தினமும் நீதான் பெல் அடிக்கணும், நீ வரலேன்னா இஸ்கூலே நடக்காது" என்று மணியடிக்கிற சுத்தியலை அவன் கையில் கொடுத்தார். மணி என்றால் மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டு. அதைக் கேட்டீர்களா, மறுநாளே பையன் என்னை எழுப்புகிறான்! "அக்கா, சீக்கிரம் வா, பெல்லுக்கு லேட்டாவுது." துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடுவான். ஆற்றைத் தாண்டும்போது அவன் அடிக்கிற மணி எனக்குக் கேட்கும். டண் டண் என்று அத்தனை ஆங்காரமாக அடிப்பான். அந்த நாட்களில் நான் ஹைஸ்கூல் முதல் பெஞ்சில் உட்கார்ந்து வட்டம் போடப் பழகினேன். காம்பஸ் முள் பெஞ்சில் பதிந்த இடத்தைத் தடவிப் பார்த்துக்கொள்வேன். நடந்துவிடும், எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

இன்ஸ்பெக்ஷன் வந்தது. ஜீப்பில் வந்த அதிகாரி, மணியடிக்கிற பிள்ளையைப் பார்த்து நின்றார். மரியாதைக்காக அய்யவாரு தம்பியின் தலைத்துண்டை எடுக்கச் சொன்னார். எடுத்தான். முடி அவிழ்ந்து முதுகில் விழுந்தது. அதிகாரி பாசமாகக் கன்னத்தைத் தட்டி, "ஏம் பாப்பா, நீ பேரேமி?" என்று, பெண்பிள்ளையிடம் பேர் கேட்கிற மாதிரி கேட்டார்.

மொத்தப் பள்ளிக்கூடமும் வெடித்துச் சிரித்தது. அய்யவாருக்கே சிரிப்பு வந்துவிட்டது என்று பிற்பாடு டீச்சர் அம்மாவிடம் வருத்தப்பட்டுச் சொன்னார். தம்பி சுத்தியலை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவந்தான். அதன்பிறகு மணியும் இல்லை, எனக்கு ஹைஸ்கூலும் இல்லை.

ஒரு காலையில் அவனை இழுத்துக்கொண்டு நான் ரயிலேறிப் புத்தூர் போனேன். யாரிடமும் கேட்கவில்லை. மாமா ஒரு சைக்கிள் டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததைச் சொல்லவேண்டும். பொய் சொல்லக்கூடாது. போண்டா வாங்கிக்கொடுத்து, "துன்னுங்க கண்ணு, துன்னுங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மாமா, மலைக்கு வா மாமா. இவனுக்கு மொட்ட போடணும். இவன் இஸ்கூலு போமாட்டேன்றான். எனுக்கும் இஸ்கூலு போச்சு."

மாமா தம்பியின் தலையைத் தடவிக்கொடுத்தார். "எனுக்கு மட்டும் ஆச இல்லியா கண்ணு? எம் மடில ஒக்கார வேண்டிய புள்ள. ஆனா மொற மொறதான். உங்க நைனா ஒரு தட்டு எடுத்துக்கினு வரட்டும். நா இப்பவே கெளம்பறேன்."

"நைனா வராது மாமா."

"அப்ப நானும் வர மாட்டேன்" என்றார். சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. கலங்கி என்ன செய்ய? அடுத்த ரயிலில் எங்களை ஏற்றிவிட்டார். வீட்டில் எனக்கு விளக்குமாற்றுப் பூசை.

புரட்டாசி பிறந்தது. எங்கள் ரோட்டில் மஞ்சள் வேட்டி கட்டியவர்கள் கூட்டம் கூட்டமாகத் திருப்பதிக்கு நடந்து போவார்கள். "கோவிந்தா! கோவிந்தா!" என்ற சத்தத்தில் தறிச் சத்தம் அடங்கிப்போகும். போனவர்கள் சில நாளில் திரும்பிவருவார்கள், தலையெல்லாம் சந்தனம் பூசி, பளபளவென்று. தம்பி வாசற்படியில் உட்கார்ந்து, இரண்டு கையிலும் முகத்தைத் தாங்கிக்கொண்டு, மொட்டைத் தலைகளைப் பார்ப்பான். அவன் வயதுப் பையன் ஒருத்தன் தன் மொட்டையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே நடந்துபோனான். தம்பி எழுந்து உள்ளே போனான்.

அம்மா ராட்டையிடம் நூல் நறுக்கச் சின்னக் கத்தரி ஒன்று வைத்திருப்பாள். அவள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். நான் அடுப்படியில் இருந்தேன். திரும்பி வந்து பார்த்தால், அவன் கையில் ஒரு பின்னல். தலையில் ஒரு பின்னல். "அக்கா, ஒண்ணு வந்துடுச்சு" என்று சிரித்தான். எத்தனை மாசத்துக்கு அப்புறம் சிரித்தான்!

அம்மா குடத்தைப் போட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். தெரு கூடிவிட்டது. "சாமி குத்தம்", "கண்ணு போவும்", "கை போவும்" என்று ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். நைனா கொட்டகையிலிருந்து ஓடிவந்து பார்த்தார். சட்டையைக்கூட மாற்றவில்லை. பஞ்சு ஒட்டிய தலையோடு அப்படியே ரயில் நிலையத்துக்கு ஓடினார். அடுத்த ரயிலில் மாமாவோடு வந்து இறங்கினார்! தட்டு இல்லை, தாம்பூலம் இல்லை, அழைப்பு இல்லை. மாமாவின் கையில் கிரீஸ்கூடக் கழுவப்படவில்லை.

மாசக்கணக்காகப் பையன் அழுதான், ஒருவர் அசையவில்லை. சாமி கோபித்துக்கொள்ளும் என்றதும் ஒரே பொழுதில் எல்லோரும் அசைந்தார்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை.

வெட்டிய பின்னலை மஞ்சள் துணியில் முடிந்து அம்மா மடியில் வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் நைனா முன் சீட், மாமா பின் சீட். வடமாலப்பேட்டையில் மாமா வேர்க்கடலை வாங்கி, "மச்சான்" என்று ஒரு பொட்டலத்தை முன்னால் நீட்டினார். நைனா வாங்கிக்கொண்டார். முடிந்தது சண்டை.

மலையில், ஈரத் தரையில், மாமா சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவர் மடியில் தம்பியின் கால்கள் கொள்ளவில்லை. "தல வஞ்சு, நாயனா" என்றார் மொட்டை போடுகிறவர். தம்பி தலையைக் குனிந்தான். நாலு இழுப்பு. அவ்வளவுதான். மாமா அழுதார், அம்மா அழுதாள், நைனா கோவிந்தா என்றார். நான் அந்த முடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இவ்வளவுதானா? இதற்கா?

திங்கட்கிழமை காலையில் தம்பி சந்தன மொட்டையோடு முதலில் எழுந்து குளித்தான். விஷயம் தெரியாத அந்த நாலு பையன்கள் வழக்கம்போல அவனைத் தூக்க வந்தார்கள், பின்னால் அய்யவாரும். தம்பி படியில் நின்று, "தள்ளுங்கடா, நானே வரேன்" என்றான். பையன்கள் வாய் பிளந்தார்கள்.

நானும் பாவாடை சட்டை போட்டு, பையை மாட்டிக்கொண்டு நின்றேன். நான் போகவேண்டும். இனிமேல் எனக்குத் தடையே இல்லை.

"நீ எங்கடி கெளம்பிட்ட?" என்றாள் அம்மா. "ஹைஸ்கூல்ல உம் பேர எடுத்துட்டாங்களாம். நைனா போன வாரமே கேட்டுக்கினு வந்துட்டாரு. மாசக்கணக்கா போவலன்னா வெச்சிருப்பாங்களா? உடு, எனுக்கும் தார் சுத்த கை பத்தல. அடுத்த வருசம் பாத்துக்கலாம்." பேசிக்கொண்டே என் பைக்குள் கைவிட்டு ஜாமெட்ரிப் பெட்டியை எடுத்துத் தம்பியிடம் கொடுத்தாள். "இந்தா, நீ வெச்சுக்கோ."

நைனா அங்கேயேதான் நின்றார். என்னைப் பார்க்காமல் செருப்பைத் தேடினார். எம் பொண்ணு டீச்சராவும் என்றவர்.

நான் அய்யவாரைப் பார்த்தேன். அவருக்குத் தெரியுமே. அவர் வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் கொட்டினேனே. இவர் கேட்பார் என்று நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே வந்து என் தலையில் கை வைத்தார். "இந்தப் பொண்ணு இல்லாட்டி பையன் படிப்பு போயிருக்கும்மா. நல்ல பொண்ணு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு போனார். நாலு தடிப் பையன்களும் பின்னால் போனார்கள். ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக வந்தவர்கள் அன்று வெறுங்கையோடு போனார்கள். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

அடுத்த வருஷம் வரவே இல்லை. தம்பி நன்றாகப் படித்து, சித்தூரில் உத்தியோகம் பார்த்து, இப்போது ஓய்வும் பெற்றுவிட்டான். அந்தப் பெட்டி எங்கேயோ போச்சு. கேட்டால் அவனுக்கு ஞாபகமே இல்லை.

இப்போதெல்லாம் பிள்ளை ஒரு நாள் வராவிட்டாலும் பள்ளிக்கூடத்திலிருந்து போனுக்குச் செய்தி வந்துவிடுகிறது. என் மகளுக்கு எரிச்சல். "ஒரு நாளு லீவு போட்டா என்ன, உடனே டொய்ங்னு அனுப்பிடறாங்க" என்று படிக்காமல் தள்ளிவிடுவாள். நான் போனை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, அந்தத் தெலுங்கை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். உங்கள் பிள்ளை இன்று பள்ளிக்கு வரவில்லை. காரணம் என்ன?

காரணம் என்ன என்று கேட்கிறார்கள். அன்று என்னைப் பற்றி எங்கள் வீட்டு வாசலில் வந்து யாராவது அதைக் கேட்டிருந்தால், நானே பதில் சொல்லியிருப்பேன். பையை மாட்டிக்கொண்டு தயாராகத்தான் நின்றேன். தூக்கிக்கொண்டு போக நாலு பேர்கூட வேண்டியதில்லை.